பாடி ஏறும் முன்னே இருபது நிமிடம்

தாம்பரத்துக்கு அப்பால் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஒரு கார் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. கதவும் கூரையும் உள்ள மேல்கூடு, அதாவது பாடி, சுவரோரம் நான்கு லாரி டயர்கள்மேல் உட்கார்ந்திருந்தது. கொட்டகை நடுவில் புதுக் கறுப்புப் பெயின்ட் மின்ன, நான்கு சக்கரங்களோடு சேஸ் மட்டும். அதன்மேல் ரேடியேட்டர், எஞ்சின், கியர் பாக்ஸ். சீட்டு கிடையாது, ஸ்டியரிங் கிடையாது, டேஷ்போர்டு கிடையாது. ரேடியேட்டருக்கு எதிரே, கல்யாண மண்டபத்துப் பந்தியில் சுழலுமே, அந்த ரகத்தில் ஒரு பெடஸ்டல் ஃபேன். பக்கத்தில் ஸ்டூல்மேல் ஒரு பலகை. அதில் வீட்டுச் சுவரில் பதிக்கிற சாதாரண சுவிட்ச் ஒன்று, அழுத்துகிற பொத்தான் ஒன்று, ஆயில் பிரஷர் கேஜ் ஒன்று.

"இன்னிக்கு ஸ்டார்ட் பண்ணிடலாமா அண்ணே?" என்றேன்.

மெக்கானிக் நிமிரவில்லை. "ஸ்டார்ட் பண்றது அஞ்சு செகண்டு வேலை தம்பி. அதுக்கு முன்னாடி மூணு மணி நேரம் வேலை கிடக்கு."

வண்டி 1960களின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. கொட்டகையிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லலாம், பெருங்களத்தூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலையில் பிறந்தது. தொழிற்சாலை 1980களின் இறுதியோடு ஓய்ந்துபோனது. இப்போது அந்த நிலத்தில் கண்ணாடிச் சுவர் வைத்த ஐ.டி. கட்டடங்கள் நிற்கின்றன. வண்டியின் பூர்வீகம் இங்கிலாந்தின் கவென்ட்ரி. 1959இல் அங்கே டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்தது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கலாட்டி.

அந்தக் காலத்தில் மற்ற கம்பெனிகள் பெரும்பாலும் சேஸ் வேறு, பாடி வேறு என்ற பழைய முறையைக் கைவிட்டு, இரண்டையும் ஒரே தகரக் கூடாகச் செய்யத் தொடங்கியிருந்தன. ஹெரால்டோ பின்னால் நடந்தது. விரும்பி நடக்கவில்லை. ஸ்டாண்டர்டு கம்பெனிக்குப் பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனத்தை 1953இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழுக் கூட்டை ஒரே இடத்தில் அழுத்தி எடுக்க ஆளில்லாமல் போனதால், சின்னச் சின்னத் துண்டுகளாகச் செய்து, தனிச் சேஸ்மேல் போல்ட் போட்டு முடுக்குகிற காராக ஹெரால்டை வரைந்தார்கள். கூரையைக்கூடக் கழற்றி எடுத்துவிடலாம். சென்னையில் அதற்கு நான்கு கதவு வைத்த பாடி ஒன்றையும் பின்னாளில் செய்தார்கள். இங்கிலாந்துக்காரர்களுக்கு அது வாய்க்கவில்லை. அன்று வேறு வழியின்றிச் செய்தது, அறுபது வருஷம் கழித்துப் பழைய வண்டிப் பித்தர்களுக்கு வரமாகிவிட்டது. பாடியைத் தூக்கி ஓரம் வைத்துவிட்டு எஞ்சினை ஓட்டிப் பார்க்கலாம். அம்பாசடரில் இந்தக் கதை நடக்காது. அது ஒரே கூடாகச் செய்த வண்டி.

இவ்வளவு பாடுபட்டுத் தனியாக ஓட்டிப் பார்ப்பானேன், பாடியைப் பூட்டிவிட்டே சாவியைத் திருகலாமே என்று தோன்றும். ஹெரால்டைப் பொறுத்தவரை அதில் பாதி நியாயம் உண்டு. அதன் பானெட், மட்கார்டு விளக்கு எல்லாவற்றோடும் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். டயர்மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம். ஆனால் எஞ்சினுக்குப் பின்னால் கதை வேறு. கியர் பாக்ஸையும் கிளட்சையும் எடுக்க, உள்ளே சீட்டைக் கழற்றி, நடுவிலிருக்கும் மூடியைக் கழற்றி, காருக்குள்ளிருந்தே உருவ வேண்டும். பிஸ்டன்கள் சுழற்றுகிற கிராங்க் தண்டின் பின்முனையில் ஆயில் கசிகிறது என்று பாடி ஏறிய பிறகு தெரிந்தால் ஒரு வாரம் போச்சு, புது சீட்டுத் துணியில் ஆயில் கறையும் படிந்தாச்சு. சேஸ் வெறுமையாக இருக்கும்போது அதே வேலை ஒரு மத்தியானம்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. லேத் பட்டறையில் சிலிண்டரைப் போரிங் செய்து, கிராங்கை கிரைண்டிங் செய்து, புது பேரிங், புது ரிங், புது கேம் ஷாஃப்ட் போட்டுப் பூட்டிய எஞ்சின், பார்வைக்குத்தான் முடிந்த எஞ்சின். கடைசிக் கடைசல் ஒன்று பாக்கி இருக்கிறது. உலோகத்தோடு உலோகம் உரசி, ஒன்றையொன்று மட்டம் பார்த்து, தன் ஜோடிக்கு ஏற்றபடி தன்னைத் தேய்த்துக்கொள்கிற வேலை. அதை எஞ்சின் தானே ஓடித்தான் செய்துகொள்ள வேண்டும். அதில் முக்கியமான ஒரு பகுதி முதல் அரை மணிக்குள் நடந்துவிடுகிறது. அந்த அரை மணியில் கேஜைப் பார்க்கவும், காது கொடுக்கவும், எல்லாப் பக்கமும் குனிந்து டார்ச் அடிக்கவும் வசதி வேண்டும். அதற்குத்தான் வெறும் சேஸ்.

மூன்று மணி நேர வேலையில் முதலாவது ஆயில். சம்ப், அதாவது எஞ்சினின் அடித்தொட்டி, நிறைய ஆயில் ஊற்றியிருந்தாலும் புது எஞ்சினின் உள்வழிகள் வறண்டுதான் இருக்கும். ஆயில் சம்ப்பிலிருந்து பம்ப் வழியே ஏறி, ஃபில்டரைக் கடந்து, பிளாக்கில் துளைத்த நீளக் கால்வாயில் ஓடி, மெயின் பேரிங்குகளுக்கு வந்து, அங்கிருந்து கிராங்கின் உள்ளே துளைத்த வழியாகக் கனெக்டிங் ராடு பேரிங்குகளைத் தொட வேண்டும். இன்னொரு கிளை ஹெட்டின் பின்கோடியில் மேலேறி ராக்கர் ஷாஃப்டுக்குப் போகிறது. கடைமடை நிலம் மாதிரி, தண்ணீர் கடைசியாக வந்துசேரும் இடம் அது.

பேரிங்கில் ஆயில் என்ன செய்கிறது என்பதை மனிதன் கண்டுபிடித்த கதை வேடிக்கையானது. 1880களின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் இயந்திரப் பொறியாளர் சங்கத்துக்காக பொஷாம்ப் டவர் என்பவர் ரயில் அச்சு பேரிங்குகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அச்சின் அடிப்பகுதி ஆயில் தொட்டியில் நனைந்தபடி சுழலும். மேலே பேரிங் உட்கார்ந்திருக்கும். பேரிங்கின் உச்சியில், ஆயில் விடுவதற்காக ஒரு துளை போட்டார். அச்சைச் சுழலவிட்டதும், ஆயில் விடவேண்டிய துளை வழியாகவே ஆயில் வெளியே பொங்கியது. அடைப்பதற்கு ஒரு மரக்கட்டையை இறுக்கினார். சுழலச் சுழல அந்தக் கட்டை மெல்ல மெல்ல வெளியே தள்ளப்பட்டு வந்தது. பிறகு துளையில் ஒரு பிரஷர் கேஜை மாட்டிப் பார்த்தார். பேரிங்மேல் ஏற்றிய பாரத்தைப் பரப்பளவால் வகுத்தால் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுதான். கேஜோ 200 பவுண்டைத் தாண்டிப் போனது.

பொருள் இதுதான்: அச்சு பேரிங்கைத் தொடவே இல்லை. சுழலும் அச்சு, தன்மேல் ஒட்டிய ஆயிலைக் குறுகிக்கொண்டே போகிற இடுக்குக்குள் இழுத்துப்போகிறது. நெருக்கத்தில் மாட்டிக்கொண்ட ஆயில் ஆப்பு போல விறைத்து, மொத்த பாரத்தையும் தூக்கிப் பிடிக்கிறது. மழைநாளில் வேகமாகப் போகும் வண்டியின் டயர் ரோட்டை விட்டு நீர்மேல் மிதக்குமே, கிட்டத்தட்ட அதேதான். இதற்குக் கணக்கு எழுதியவர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ், 1886இல். இன்றைக்கும் எஞ்சின் பேரிங் வடிவமைப்பில் அந்தச் சமன்பாடுதான் அடித்தளம்.

ஹெரால்டின் 948 சிசி எஞ்சினில் கிராங்கைத் தாங்க மூன்று மெயின் பேரிங்குகள். ஓடும்போது உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே இருக்கும் ஆயில் படலம், மிக நெருங்கிய இடத்தில் சில மைக்ரான்தான். தலைமயிரின் தடிமன் அதைப்போல இருபது மடங்கு இருக்கும். சுழற்சி இருந்தால்தான் ஆப்பு. நிற்கும்போது ஆப்பு இல்லை. ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் முதல் ஓரிரு சுற்றுகள் உலோகம் உலோகத்தின்மேல்தான் தேய்கிறது. பழகிய எஞ்சினில் முந்தின நாள் ஆயில் மிச்சம் ஒட்டியிருக்கும், அது காப்பாற்றும். புதிதாகப் பூட்டிய எஞ்சினில் பூட்டும்போது தடவிய பசை மட்டுமே உண்டு. அதை நம்பிப் பத்து இருபது செகண்டு வறட்டு ஓட்டம் ஓட்டினால், கிரைண்டிங்குக்குக் கொடுத்த காசெல்லாம் வீண்.

எனவே நெருப்புக்கு முன்னால் ஆயில். மெக்கானிக் நான்கு பிளக்குகளையும் கழற்றி வைத்தார். பிளக் இல்லாவிட்டால் சிலிண்டரில் அமுக்கம் இல்லை, பேரிங்மேல் பாரமில்லை, செல்ஃப் மோட்டார் லேசாகச் சுற்றும். ஆயில் பம்பைப் பூட்டும்போதே அதற்குள் வாசலின் அடைத்திருந்தார். வறண்ட பம்ப், ஓட்டை ஸ்ட்ரா மாதிரி. எவ்வளவு உறிஞ்சினாலும் காற்றுதான் வரும். இடுக்குகளை வாசலின் அடைத்துக்கொண்டால் உறிஞ்சல் பிடிக்கும். பிறகு அதுவே உருகி ஆயிலோடு கலந்துவிடும்.

பொத்தானைப் பத்து செகண்டு அழுத்தினார், விட்டார். செல்ஃப் மோட்டார் சூடாறக் காத்திருந்தார். மறுபடி பத்து செகண்டு. நாலாவது தடவை கேஜ் முள் உதறிக்கொண்டு எழுந்தது. எனக்கு அது போதும்போல இருந்தது. அவருக்குப் போதவில்லை. ராக்கர் கவரைத் திறந்து வைத்துவிட்டு இன்னும் இரண்டு முறை சுற்றினார். பின்கோடி ராக்கரின் ஓரத்தில் தேன் நிறத்தில் ஒரு துளி திரண்டு, தொங்கி, விழுந்தது. பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. முன்கோடி வரை நனைந்த பிறகுதான் துணியில் கை துடைத்தார்.

மேசை டிராயரிலிருந்து ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கட்டைவிரல் பருமனில் ஒரு இரும்பு உருளை. டாப்பெட். அடிமுகம் கண்ணாடிபோல இருக்க வேண்டியது; இதில் நடுவே குழி விழுந்து, விளிம்பு சொரசொரவென்று அரித்துக் கிடந்தது. "எத்தனை வருஷம் ஓடினது அண்ணே?" என்றேன். "வருஷமா? ஓட்டம் மொத்தம் நூறு கிலோமீட்டர் வராது. சின்ன வயசுல நான் கட்டின எஞ்சின். ஸ்டார்ட் ஆன சந்தோஷத்துல அரை மணி நேரம் ஸ்லோவிலேயே உறும விட்டுட்டு டீ குடிச்சிட்டிருந்தோம்."

இங்கேதான் விஷயம் நம் பொது அறிவுக்கு எதிராகத் திரும்புகிறது. புது எஞ்சினை மெதுவாக, பூப்போல ஓட்ட வேண்டும் என்றுதானே நினைப்போம்? இந்த வகை எஞ்சினில், ஸ்டார்ட் ஆன நொடியே ஆக்சிலேட்டரைத் தூக்கி நிமிஷத்துக்கு 2000 சுற்றுக்கு மேல் கொண்டுபோய், இருபது நிமிஷம் அங்கேயே வைத்திருக்க வேண்டும். ஸ்லோவில் விடவே கூடாது.

காரணம் கேம் ஷாஃப்ட். முட்டை வடிவ கேம் முனை சுழன்று டாப்பெட்டைத் தூக்க, டாப்பெட் புஷ் ராடைத் தூக்க, புஷ் ராடு ராக்கரைத் தள்ள, ராக்கர் வால்வைத் திறக்கிறது. கேம் முனையும் டாப்பெட்டின் தட்டையான அடிமுகமும் தொடும் இடம் நூலளவு அகலமுள்ள ஒரு கோடு. வால்வு ஸ்பிரிங்கின் முழு விறைப்பும் அந்தக் கோட்டின்மேல். மெயின் பேரிங்குக்குக் கிடைப்பதுபோல இதற்குப் பம்ப் ஆயில் நேரடியாகக் கிடைப்பதில்லை. கிராங்க் சுழலும்போது அங்கிருந்து சிதறித் தெறிக்கிற ஆயில்தான் கேமின் பெரும் ஆகாரம். ஸ்லோவில் தெறிப்பு குறைவு. இரண்டாவது, வேகம் குறைந்தால் அந்தக் கோட்டுக்குள் இழுபடும் ஆயிலும் குறைவு, படலம் மெலிந்துவிடும். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்த காரணம். வேகம் கூடும்போது, கேமின் உச்சி கடக்கும் நொடியில் டாப்பெட்டும் புஷ் ராடும் மேல்நோக்கிப் போன வேகத்தில் இன்னும் பறக்கவே பார்க்கின்றன. ஸ்பிரிங்கின் பலத்தில் ஒரு பங்கு அவற்றைப் பிடித்து நிறுத்தவே செலவாகிவிடுகிறது. அதனால் உச்சியின்மேல் அழுத்தம் குறைகிறது. மெதுவாகச் சுற்றினால் அந்தத் தள்ளுபடி கிடையாது. ஆக, ஸ்லோவில் ஓடும் கேமுக்குப் பாரம் அதிகம், ஆயில் குறைவு. அந்த டிராயர் டாப்பெட்டுக்கு நேர்ந்தது அதுதான்.

டாப்பெட் சும்மா ஏறி இறங்குவதில்லை; தன் அச்சிலேயே மெல்லச் சுழலவும் வேண்டும். கேம் முனையை டாப்பெட்டின் மையத்துக்குச் சற்று விலக்கி வைப்பதெல்லாம் இதற்காகத்தான். சுழன்றால்தான் தேய்மானம் முகம் முழுக்கப் பரவும். சுழலாமல் ஒரே இடத்தில் உரசினால் குழி விழும், குழி விழுந்தால் இன்னும் சுழலாது. முதல் நிமிடங்களில் இந்தச் சுழற்சி பழகிவிட்டால் அந்த ஜோடி லட்சம் கிலோமீட்டர் ஓடும். 2000 சுற்றில் கிராங்க் ஓடினால் கேம் அதில் பாதி, நிமிஷத்துக்கு 1000. இருபது நிமிஷத்தில் ஒவ்வொரு கேம் முனையும் தன் டாப்பெட்டை 20,000 தடவை தடவியிருக்கும். மெருகு போடுவதற்கு அது போதும்.

ஆயிலிலும் ஒரு சூட்சுமம். படலம் அறுந்து உலோகம் உலோகத்தைத் தொடும் நொடியில் காப்பாற்ற, துத்தநாகமும் பாஸ்பரஸும் கந்தகமும் சேர்ந்த ஒரு கூட்டுப்பொருளை ஆயிலில் கலப்பார்கள். மெக்கானிக்குகள் வாயில் அது 'ஜிங்க்'. சூடும் அழுத்தமும் உள்ள இடத்தில் அது சிதைந்து, உலோகத்தின்மேல் கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய பூச்சாகப் படிகிறது. தேயும்போது முதலில் தேய்வது அந்தப் பூச்சு. தேய்ந்த இடத்தில் மறுபடி படிந்துகொள்கிறது. 1940களில் இதை ஆயிலில் சேர்த்தது பேரிங் அரிப்பைத் தடுக்க. தேய்மானத்தைத் தடுக்கும் குணம் பிறகுதான் தெரிந்தது. இப்போதைய கார்களின் சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பாஸ்பரஸ் ஆகாது. அதனால் நவீன பெட்ரோல் கார் ஆயில்களில் பாஸ்பரஸைப் பத்து லட்சத்தில் சுமார் 800 பங்கு என்ற அளவுக்கு வெட்டிவிட்டார்கள். புதுக் கார்கள் பலவற்றில் டாப்பெட்டுக்குப் பதில் உருளும் சக்கரம் இருப்பதால் அவை சமாளித்துக்கொள்ளும். ஹெரால்டுக்குக் கன்வெர்ட்டரும் இல்லை, உருளும் சக்கரமும் இல்லை. கடையில் இருப்பதிலேயே விலை உயர்ந்த ஆயிலை வாங்கி ஊற்றுவதுதான் வண்டிமேல் பாசம் என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்தில் ஏமாறுகிறார்கள். பழைய எஞ்சினுக்கு என்றே வருகிற, ஜிங்க் கூடின ஆயில் வேண்டும்.

இருபது நிமிஷம் இடைவிடாமல் ஓடவேண்டும் என்பதால், ஸ்டார்ட் ஆகாமல் முக்கி முனகுவதும் ஆபத்து. செல்ஃப் போட்டுப் போட்டு வறட்டுச் சுற்று சுற்றினால் கேம்மேல் தடவிய பசை வழித்துக்கொண்டு போய்விடும். ஆகவே பெட்ரோலும் தீப்பொறியும் முதல் முயற்சியிலேயே சரியாக இருக்க வேண்டும்.

"தம்பி, ஒண்ணாம் நம்பர் பிளக் ஓட்டையில கட்டை விரலை வை. அழுத்தமா." வைத்தேன். ஸ்பேனரால் கிராங்க் புல்லியைத் திருகினார். ஒரு சுற்று, ஒன்றுமில்லை. அடுத்த சுற்றில் விரலுக்கடியில் காற்று முட்டி, பிதுங்கி, புஸ்ஸென்று வழிந்தது. "அதான் கம்ப்ரெஷன்." நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன் உச்சிக்கு இரண்டு முறை வரும். ஒருமுறை கலவையை அமுக்கிக்கொண்டு, மறுமுறை புகையைத் தள்ளிக்கொண்டு. புல்லியின் குறியை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தவறான உச்சிக்கு, பொறியைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரை வைத்துவிட்டால் பொறி ஒரு முழுச் சுற்று தள்ளி விழும். கார்புரேட்டர் வழியே நெருப்பு துப்பும். கட்டை விரலுக்கு இதில் ஏமாற்றம் கிடையாது. டிஸ்ட்ரிபியூட்டர் ரோட்டர் ஒண்ணாம் வயரை நோக்கி நிற்கிறதா என்று பார்த்து, 1-3-4-2 வரிசையில் வயர்களை மாட்டினார். பிளாட்டினம் பாயிண்ட் திறக்கிற நொடியைச் சின்ன பல்ப் வைத்துப் பிடித்தார்.

மற்றதெல்லாம் சில்லறை வேலை, ஆனால் ஒன்றை மறந்தாலும் கெடுதி. பெட்ரோல் டேங்க் பாடியோடு போய்விட்டதால், சைலன்சருக்கு எதிர்ப்பக்கம் இரண்டு லிட்டர் கேன். பம்பின் அடியிலுள்ள நெம்புகோலைக் கையால் ஆட்டிக் கார்புரேட்டர் வரை பெட்ரோல் ஏற்றியாயிற்று. எஞ்சின் ரப்பர் கட்டைகள்மேல் நிற்பதால் சேஸில் எர்த் கொடுத்தால் போதாது. பேட்டரி வயர் நேராக பிளாக்குக்கு. அக்காலத்து பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த், அதையும் பார்த்தாயிற்று. கிளட்ச் பெடல் இல்லையே, கியர் நியூட்ரலில் இருந்தாலும் கியர் பாக்ஸின் உள்தண்டு சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அங்கேயும் ஆயில் இருக்கிறதா? சக்கரங்களுக்குக் கட்டை. கைக்கெட்டும் தூரத்தில் தீயணைப்பு உருளை. கொட்டகையின் இரண்டு பக்கக் கதவும் திறப்பு. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சுவிட்ச் ஏன் வீட்டுச் சுவிட்ச் என்று அப்போதுதான் உறைத்தது. காயிலுக்குப் போகும் கரண்டை ஒரே தட்டில் வெட்ட வேண்டும். வேறு எதனாலும் இந்த எஞ்சினை இவ்வளவு சட்டென்று நிறுத்த முடியாது.

பொத்தானை அழுத்தினார். இரண்டு சுற்று, மூன்று சுற்று. ஒரு இருமல். பிறகு ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டது. கார்புரேட்டர் நெம்புகோலைக் கையாலேயே தூக்கிப் பிடித்து 2000க்கு ஏற்றினார். பாடி இல்லாத எஞ்சினின் சத்தம் நாம் கேட்டுப் பழகிய கார் சத்தம் இல்லை. தனித்தனியாகப் பிரிந்து கேட்கிறது: டைமிங் செயினின் சரசரப்பு, டாப்பெட்டுகளின் தட்டச்சு, ஃபேன் பெல்ட்டின் மெல்லிய ஊளை. சைலன்சர் வாயிலிருந்து நீலமும் வெள்ளையுமாகப் புகை கொட்டியது. சிலிண்டரில் தடவியிருந்த ஆயிலும், புகைக்குழாயான மேனிஃபோல்டின் புதுப் பெயின்ட்டும் எரிகிற புகை. ஐந்து நிமிஷத்தில் அடங்கியது.

அவர் கண் பார்த்த வரிசையைக் கவனித்தேன். முதலில் ஆயில் கேஜ்: 60 பவுண்டு. ஐந்து செகண்டில் முள் எழாவிட்டால் சுவிட்சைத் தட்டியிருப்பார். அடுத்து மேனிஃபோல்டு. பொறி தாமதமாக விழுந்தால் நெருப்பு பிஸ்டனைத் தள்ளி முடிக்குமுன்பே வால்வு திறந்துவிடும். மிச்ச நெருப்பு மேனிஃபோல்டுக்குள் எரிந்து அதைச் சிவக்கச் சிவக்கக் காய்ச்சும். கறுப்பாகவே இருந்தது. அடுத்து ரேடியேட்டர் வாய். தெர்மோஸ்டாட் திறந்ததும் நீர்மட்டம் சட்டென்று கீழிறங்கியது, அதுவரை உள்ளே சிக்கியிருந்த காற்று வெளியேறியதால். தண்ணீர் ஊற்றி நிரப்பினார். வண்டி நகராமல் ஓடுவதால் எதிர்காற்று இல்லை. பெடஸ்டல் ஃபேன் அந்தக் குறையைத் தீர்த்தது.

தண்ணீருக்கும் சூட்டுக்கும் ஏன் இவ்வளவு பதற்றம்? ஹெரால்டின் பிஸ்டன் குறுக்களவு 63 மில்லிமீட்டர். அலுமினியம். அது ஓடும் சிலிண்டரோ வார்ப்பிரும்பு. ஒரே சூட்டுக்கு அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல இரண்டு மடங்குக்கு மேல் விரிகிறது. போதாக்குறைக்குப் பிஸ்டன்தான் அதிகம் சுடுகிறது. பிஸ்டன் தலை 150 டிகிரி சூடேறினால் சுமார் 0.2 மில்லிமீட்டர் பருக்கும். சிலிண்டர் 70 டிகிரி ஏறினால் 0.05 கூட விரியாது. இந்த வித்தியாசத்துக்கு இடம்விட்டுத்தான் பிஸ்டன் தலையைச் சற்றுச் சிறுத்தும், இடுப்பை லேசான நீள்வட்டமாகவும் கடைகிறார்கள். தண்ணீர் குறைந்து ஓரிடம் மட்டும் கூடுதலாகக் காய்ந்தால் அந்தக் கணக்கு பொய்த்துப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

பத்தாவது நிமிஷம் ராக்கர் கவரைத் தூக்கிக் காட்டினார். புஷ் ராடுகளின்மேல் முந்தின நாளே வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு புள்ளி வைத்திருந்தார். எட்டுப் புள்ளிகளும் குதித்துக்கொண்டே மெல்ல வட்டமடித்துக்கொண்டிருந்தன. ஒன்றுகூட நிற்கவில்லை. முகத்தில் ஆயில் தெறித்ததை இருவருமே பொருட்படுத்தவில்லை.

இருபது நிமிஷம் ஆனதும் சுவிட்சைத் தட்டினார். இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருக்கலாமே என்று எனக்கு ஆசை. கூட்டம் சேர்த்து, சேஸ்மேல் எஞ்சினை மணிக்கணக்கில் ரேஸ் பண்ணி வேடிக்கை காட்டுகிற ஆட்களும் உண்டு. அது எஞ்சினுக்குச் செய்கிற துரோகம். ஏனென்றால் கேம் கேட்பது ஒன்று, ரிங் கேட்பது இன்னொன்று. ஹோனிங் செய்த சிலிண்டர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் இருக்கும். மேடுகள் ரிங்கோடு உரசித் தேய வேண்டும், பள்ளங்கள் ஆயிலைப் பிடித்து வைக்க வேண்டும். ரிங்குக்குச் சொந்த விறைப்பு கொஞ்சம்தான். அதைச் சுவரோடு அழுத்துவது, எரிந்த வாயு பிஸ்டனில் ரிங் உட்காரும் காடிக்குள் புகுந்து ரிங்கின் முதுகில் தள்ளுகிற தள்ளு. அந்தத் தள்ளு பாரம் இழுக்கும்போதுதான் பலமாக இருக்கும். சேஸ்மேல் சும்மா சுற்றும் எஞ்சினுக்குப் பாரம் ஏது? மேடுகள் தேயாமல், பள்ளத்தில் ஆயில் கருகி வார்னிஷாகப் படிந்து, சுவர் வழவழவென்று ஆகிவிடும். பிறகு ரிங் உட்காரவே உட்காராது. வாழ்நாள் முழுக்க ஆயில் குடிக்கிற வண்டியாகிவிடும். அந்தக் கடைசல் ரோட்டில்தான் நடக்க வேண்டும், மேம்பாலம் ஏறி இறங்கி.

சூடு ஆறிய பிறகு டார்ச்சோடு அடியில் படுத்தார். கிராங்கின் பின்முனை, சம்ப் ஓரம், பெட்ரோல் பம்ப் கேஸ்கெட். அக்காலத்து பிரிட்டிஷ் எஞ்சின்கள் சிலவற்றில் பின்முனையில் ரப்பர் சீலே கிடையாது; கிராங்கில் வெட்டிய திருகுவரி, சுழலும்போது ஆயிலை உள்ளே திருப்பித் தள்ளும், நின்றால் சொட்டும். டயல் கேஜை வைத்துக் கிராங்கை முன்னும் பின்னும் நெம்பிப் பார்த்தார். இந்த எஞ்சின் குடும்பத்தின் பரம்பரை நோய் இங்கேதான். பின்பக்க மெயின் பேரிங்கை ஒட்டி, கிராங்க் நீளவாட்டில் நகராமல் தடுக்கும் அரைவட்டத் தகடுகள் இரண்டு உண்டு. அவை தேய்ந்தால் நழுவிச் சம்ப்பில் விழும், கிராங்க் பிளாக்கையே அரைக்கத் தொடங்கும். ஆட்டம் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இருந்தது. கேஸ்கெட் சூட்டில் அமுங்கியிருக்கும் என்பதால் ஹெட் நட்டுகளை டார்க் ரெஞ்ச் போட்டு மறுபடி இறுக்கி, வால்வு இடைவெளியை 0.25 மில்லிமீட்டருக்கு வைத்தார்.

கடைசியாகச் சம்ப்பின் அடி நட்டைத் திறந்தார். இருபது நிமிஷமே ஓடிய ஆயில், வருஷக்கணக்கில் ஓடியதுபோலக் கறுத்து இறங்கியது. பூட்டும்போது தடவிய பசையின் நிறம் அது. ஒரு காந்தத்தை நூலில் கட்டித் தட்டுக்குள் இறக்கி, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தார். அதன்மேல் சாம்பல் நிறத்தில் பாசிபோல ஏதோ படிந்திருந்தது. சுட்டுவிரலில் வழித்து, கட்டை விரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார். மினுக்கும் சில்லு எதுவும் இல்லை. துகள் என்று சொல்லக்கூட முடியாத மை. விரலை என் பக்கம் நீட்டினார். நானும் தேய்த்துப் பார்த்தேன். கண்மைபோல வழுவழுவென்று ரேகைகளுக்குள் இறங்கியது.

"காலையில ஆறு பேரு வரச் சொல்லியிருக்கேன், பாடியைத் தூக்க" என்றார் கை கழுவிக்கொண்டே. "நீயும் வந்தா ஏழு."